மெழுகுத் திட்டு

மண்டி மொஹல்லாவில் மூடிக் கிடக்கும் பழைய தியேட்டரை இடித்து மால் கட்டப் போகிறார்கள் என்றதும், முதல் ஆளாக எதிர்த்துக் கிளம்பியவர் அதன் முன்னாள் மேனேஜர் தேவநேசன்தான். கல்லறைத் திருநாளன்று சாயங்காலம், தியேட்டர் வாசலில் மெழுகுவத்திப் போராட்டம்.

"பையில செவ்வந்திப் பூ இருக்கே! கல்லறைத் தோட்டத்துக்குப் போயிட்டு வந்துடுங்களேன் அங்கிள்" என்றாள் போராட்டத்தை நடத்தும் ஷாரன்.

"எனக்கு அங்க யாரும்மா இருக்கா?"

ஷாரன் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவருடைய மனைவி லிசா இருபது வருஷத்துக்கு முன்னால் யாரோடோ ஓடிப்போனது சர்ச்சில் எல்லோருக்கும் தெரியும்.

அப்போது அவளுக்குப் போன் வந்தது. பேசி முடித்ததும் துள்ளினாள். "அங்கிள், ஜெயிச்சிட்டோம்! தியேட்டரை இடிக்கலையாம். அப்படியே வச்சுப் புதுப்பிக்கப் போறாங்களாம்!"

"ஹௌதா, நிஜமாவா?" தேவநேசன் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொன்னார்.

"ஸ்கிரீன் முன்னாடி தரை மட்டும் இறங்கியிருக்காம். நாளைக்கு அதைத் தோண்டிப் பார்ப்பாங்களாம்."

தேவநேசன் பூப் பையை எடுத்துக்கொண்டார். எரியும் மெழுகுவத்தியோடு, தன்னிடமிருந்த சாவியால் பக்கக் கதவைத் திறந்து உள்ளே போனார்.

வெகுநேரம் வராததால் ஷாரன் தேடிக்கொண்டு போனாள். இருட்டில், திரைக்கு முன்னால் அவர் மண்டியிட்டிருந்தார். தரையில் செவ்வந்தி மாலை, அதன் நடுவில் மெழுகுவத்தி. அடியில், வருஷா வருஷம் உருகி உறைந்த மெழுகு கல் மாதிரித் திட்டுக் கட்டியிருந்தது.

"பயப்படாத லிசா" என்று அவர் தரையைத் தடவினார். "உன்னைத் தோண்ட விடமாட்டேன்."

பிறகு திரும்பாமலே சொன்னார்.

"ஷாரன், அந்தக் கதவைச் சாத்திட்டு உள்ள வாம்மா."