பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு

“முழுங்குடி. இதுதான் கடைசி. இதுவும் பலிக்கலேன்னா அடுத்த முகூர்த்தத்துல அவலூர்பேட்டைப் பொண்ணு இந்த வாசப்படி மிதிச்சிடுவா.”

குஞ்சம்மாள் மருமகள் மீனம்பாளிடம் வாழைப்பழத்தை நீட்டினாள். பழத்துக்குள்ளே உயிரோடு ஒரு பிள்ளைப்பூச்சி. கிணற்றடி ஈரமண்ணைக் கிளறி அவளே பிடித்தது. வெள்ளிக்கிழமை வெறும் வயிற்றில் முழுங்கினால் பிள்ளை தங்கும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. மீனம்பாளும் கண்ணை மூடிக்கொண்டு எத்தனையோ முழுங்கிவிட்டாள். ஒரு புழு பூச்சி தங்கவில்லை.

கூடத்தில் அந்த அவலூர்பேட்டைப் பெண்ணைப் பெற்ற அரங்கநாதன் தாம்பூலத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். ரெண்டாந்தாரம்தான். ஆனாலும் நிலபுலன் உள்ள இடமாச்சே!

மகன் ராஜாராமைப் பற்றிக் குஞ்சம்மாளுக்குக் கவலையே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோட்டை அடிவாரத்தில் கிரிக்கெட் ஆடப் போவதென்றால்கூட அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் போவான். இங்கிலீஷில் பிள்ளைப்பூச்சிக்கும் கிரிக்கெட்டென்றுதான் பேராம். கூட ஆடும் வாத்தியார்கள் அதைச் சொல்லியே அவனுக்குப் பிள்ளைப்பூச்சி என்று பட்டம் கட்டியிருந்தார்கள். அதற்கும் சிரிப்பான், சாது.

அந்தச் சாதுதான் இப்போது எழுந்து வந்து பழத்தை வெடுக்கென்று பிடுங்கினான். எல்லோர் முன்னாலும் வாயில் போட்டு முழுங்கினான்.

“இதை நான்தாம்மா முழுங்கணும். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில ரெண்டு பேரும் காட்டிட்டு வந்துட்டோம். குறை என்கிட்ட. இன்னும் நாலு பொண்ணு கட்டிவெச்சாலும் இதே கதிதான்.”

அரங்கநாதன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். தட்டைக்கூட எடுக்கவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்துவீட்டுத் தைலம்மாள் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

பிள்ளைப்பூச்சிக்குக் கொடுக்கு முளைத்துவிட்டது என்று குஞ்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆம்பளை சொல்கிற பேச்சா இது? மானம் கப்பலேறிப் போச்சு.

முகம் கழுவத் தோட்டத்துப் பக்கம் போனவள் காதில் மருமகளின் அழுகை விழுந்தது.

“டாக்டரம்மா குறை என்கிட்டன்னுதானே சொன்னாங்க? எதுக்குங்க உங்க தலையில தூக்கிப் போட்டுக்கிட்டீங்க?”

“ஊர் சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது. நீ போயிட்டா எனக்கு யாரு இருக்குறா?”

குஞ்சம்மாளுக்கு ரத்தம் கொதித்தது. அத்தனையும் பொய்! அப்படியென்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட்டமும் நடையுமாய்ப் போனாள். வழியெல்லாம், பூச்சியை முழுங்கிய மகன் முகம் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அரங்கநாதன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் சன்னல் வழியே தலையை நீட்டினார்.

“இன்னாம்மா, உம் புள்ள சொன்னது நெசந்தானா?”

குஞ்சம்மாள் தட்டைச் சன்னலுக்குள் திணித்தாள்.

“நெசந்தான். குறை எம் புள்ளகிட்டதான். எம் மருமக தங்கம். நீங்க வேற எடம் பாருங்க.”