கேப்பை அரைக்கப் போன ஜெயப்ரியா

ஜெயப்ரியா தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தவறாமல் கணவனிடம் பொய் சொன்னாள். அதுவும் நாட்டைக் காக்கப் போன கணவனிடம்.

வெங்கட் பட்டாளத்தில், பனிமலைப் பக்கம். அவனுக்கு சிக்னல் கிடைப்பதே ஐந்து மணிக்குத்தான். அந்த நேரத்தில் இவள் பாகலூர் வீட்டில் இருக்க மாட்டாள். ஓசூரில், படைவீரர் மனைவிகளுக்கு இலவசமாக நடக்கும் பயிற்சியில், இரும்பைக் கடையும் சிஎன்சி மிஷின் முன்னால் நிற்பாள்.

வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டபோதெல்லாம், "லீவுல வந்து பேசிக்கலாம்" என்றான் அவன். இரண்டு லீவு வந்து போயிற்று, அந்தப் பேச்சு மட்டும் வரவில்லை. இவளும் கேட்பதை விட்டுவிட்டு விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

"என்ன சத்தம் அங்க?" என்றான் முதல் நாளே.

"மாவு மில்லுங்க. கேப்பை அரைக்க வந்தேன்."

வாயில் வந்தது அதுதான். மறுநாளும் அதே சத்தம், அதே மில். ஆறு மாதத்தில் அவள் அரைத்த கேப்பைக்கு ஊருக்கே களி கிண்டிப் போட்டிருக்கலாம்.

மாமியார் நஞ்சம்மாவும் இதில் கூட்டு. இவ்வளவு கேப்பையை யாரும்மா தின்பது என்று மகன் ஒருநாள் கேட்டதற்கு, மாட்டுக்கு என்றாள். மாட்டை விற்று இரண்டு வருடம் ஆகிறது.

பயிற்சி முடிந்தது. சிப்காட்டில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை சேர வேண்டும், ஷிப்ட் வேலை. இனி மில்லை நம்பிப் பிரயோஜனமில்லை. அவன் மட்டும் வேண்டாம் என்றால் எல்லாம் போச்சு.

அன்று ஐந்து மணிக்கு ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். நஞ்சம்மா பக்கத்தில் நின்று முந்தானையைக் கசக்கிக்கொண்டிருந்தாள்.

வெங்கட் சிரித்தான். "ஃபாரத்துல புருஷன் கையெழுத்துன்னு ஒரு இடம் இருந்துச்சே, அதை என்ன பண்ணினே?"

அந்த இடம் இவனுக்கு எப்படித் தெரியும் என்று விழித்தாள் ஜெயப்ரியா. அதைக் காலியாக விட்டுத்தான் கொடுத்திருந்தாள். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"அவங்க எங்க யூனிட்டுக்கு அனுப்பிட்டாங்க. நீ சேர்ந்த வாரமே போட்டுக் குடுத்துட்டேன்."

"அப்ப ஏங்க சொல்லலை?" அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"நீ கேட்டப்பல்லாம் தள்ளிப்போட்டவன் நான். என்னைக் கேக்காம கிளம்பினப்புறம்தான் உருப்படியா நடந்துச்சு. நடுவுல பூந்து கெடுப்பானேன்னு இருந்துட்டேன். அதுவுமில்லாம, நீ இன்னிக்கு என்ன பொய் சொல்லப்போறேன்னு கேக்க எங்க யூனிட் பசங்க பதினாலு பேரு தினம் ஸ்பீக்கரைச் சுத்தி உக்காந்திருப்பாங்க."

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. "ஐயோ, அவங்கள்லாம் என்னைப் பத்தி என்ன நெனச்சிருப்பாங்க?"

"என்ன நெனச்சாங்களோ தெரியாது. நேத்து அத்தனை பேரும் அந்த ஃபாரத்தை வாங்கி, பொண்டாட்டி கேக்கறதுக்கு முன்னாடியே கையெழுத்துப் போட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."