பயித்தங்கொடி வழக்கு

"மாமா! ஒங்க ஆட்டுக்குப் பல்லு மொளைச்சதே என் பயித்தங்கொடியத் திங்கத்தானா? வெளிய வாங்க!"

கிருஷ்ணகுமாரி ஆரம்பித்துவிட்டாள். யட்டியாந்தோட்டைக்கு மேலே அந்த ரப்பர் தோட்டத்தில் இன்னும் சரியாக வெளுக்கவில்லை. பால் வெட்டப் போகிறவர்களுக்கு அலாரமே தேவையில்லை. அவள் வாய் போதும்.

வரிசை வீடுகளான அந்த லயத்தில் பக்கத்துக் காம்பராவின் கதவு படாரென்று திறந்தது. பெரியவர் ஐயாவு சாரத்தை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"என் ஆட்டப் பத்திப் பேசுன, பல்லு பேந்துரும்! ராத்திரி நானே இழுத்துக் கட்டிட்டுத்தான் படுத்தேன்."

"சோறே ஆக்கத் தெரியாத மனுசனுக்குக் கயிறு கட்டத் தெரியுமாக்கும்!"

"யாருக்குடி ஆக்கத் தெரியாது?"

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த சுகந்தி, அந்தப் பக்கமாக வந்த தர்மிளாவை நிறுத்தினாள். தர்மிளா தோட்டத்து டிஸ்பென்சரியில் நர்ஸ்.

"பாத்தீங்களா மிஸ்ஸி? பொண்டாட்டியப் பறிகொடுத்த மனுசன். அவருகூட தெனமும் இதே கரச்சல். இவளுக்குப் பிஸ்ஸுதான் புடிச்சிருக்கு. நெஞ்சப் புடிச்சுக்கிட்டு அவரு விழுந்தா யாரு பதில் சொல்றது? சங்கத் தலைவர்கிட்ட சொல்லியாச்சு. சாயந்திரம் பேச்சு வச்சிருக்கு. இவளத் தூக்கிக் கீழ் லயத்துல போடப் போறாங்க. நீங்களும் வந்து, பிரஷர் ஏறிரும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

கீழ் லயம் என்றால் மழைக்கு ஆற்றுத் தண்ணீர் வாசலுக்கு வந்துவிடும். பிள்ளைகளை வைத்திருக்கிறவர்கள் யாரும் அங்கே போகச் சம்மதிக்கமாட்டார்கள். கிருஷ்ணகுமாரிக்குச் சின்னப் பிள்ளைகள்.

இருந்தாலும், "சொல்றேன்" என்றாள் தர்மிளா. அவளுக்கும் எரிச்சல்தான். மனைவி மூக்காயி செத்த பிறகு ஐயாவு சுவரைப் பார்த்துப் படுத்தவர், வெகுநாள் எழுந்திருக்கவே இல்லை. சோற்றைத் தொடவில்லை. மாத்திரை தலைமாட்டிலேயே கிடந்தது. கொழும்பிலிருந்து வந்த மகனிடம், "மனசத் தயார் பண்ணிக்கங்க" என்று சொன்னதே இவள்தான். இப்போதுதான் எழுந்து நடமாடுகிறார், அதற்குள் இந்தச் சண்டை.

அன்று பகல் ஐயாவு டிஸ்பென்சரிக்கு மேட்டில் ஏறி நடந்தே வந்தார். தர்மிளா பிரஷர் பார்த்தாள். மெஷின் பழுதோ என்று மறுபடியும் பார்த்தாள். நன்றாக இறங்கியிருந்தது. தராசில் ஏற்றினாள். உடம்பும் தேறியிருந்தது.

"என்ன தாத்தா செய்றீங்க? எந்த வெதமாத்தயாகிட்ட கசாயம் குடிக்கிறீங்க? மறைக்காமச் சொல்லுங்க."

"கசாயம் குடிக்க எனக்கு எங்க நேரம்? அந்தக் குமாரிக்குப் பதில் சொல்லவே பொழுது பத்தல."

"அவ என்ன செஞ்சா?"

"பீலியில என் வாளிக்கு முந்தி அவ வாளிய வைக்கிறா. விட்டுருவேனா? இப்பல்லாம் அவளுக்கு முந்தி எந்திரிச்சு நான் நிக்கிறேன்."

"அப்புறம்?"

"எனக்கு ஆக்கத் தெரியாதாம்! நேத்து கீரையும் நெத்தலியும் ஆக்கி, வாசல்ல ஒக்காந்து அவ மூஞ்சிக்கு நேராவே தின்னேன்."

"ஆடு?"

"லயத்துப் பக்கம் மேஞ்சாத்தானே பழி? மலை உச்சிக்கு நானே ஓட்டிட்டுப் போறேன். ராவைக்குப் படுத்தா, கட்ட மாதிரித் தூக்கம்." கையை நீட்டினார். "மாத்திரையக் குடுங்க. ஒழுங்கா முழுங்கணும். நான் செத்துட்டா, பயந்து ஓடிட்டாருன்னு சொல்லுவா."

அவர் போன பிறகு தர்மிளா சுவரில் தொங்கிய ஆரோக்கியப் படத்தை அண்ணாந்து பார்த்தாள். நல்ல சாப்பாடு, நடை, தூக்கம், நேரத்துக்கு மருந்து. எல்லாவற்றுக்கும் படம் இருந்தது. ஏச்சுக்கு மட்டும் இல்லை.

அந்தப் பெண் தெரிந்துதான் செய்கிறாளா, இல்லை அவள் குணமே அதுதானா? தர்மிளாவுக்கு வேலை ஓடவில்லை.

சாயந்திரம், காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பிரட்டுக்களத்தில் லயமே கூடியிருந்தது. தலைவர் தோமஸ் தொண்டையைச் செருமினார்.

"முடிவு இதுதான். குமாரி கீழ் லயத்துக்குப் போகணும். நாளைக்கே தொரைகிட்ட பேசிர்றேன். மிஸ்ஸி, நீங்க என்ன சொல்றீங்க?"

கிருஷ்ணகுமாரி குனிந்த தலை நிமிரவில்லை. காலையில் மலையையே எழுப்பிய வாய், ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை.

தர்மிளா பேசுவதற்குள் ஐயாவு எழுந்துவிட்டார்.

"அதெப்படி அனுப்புவீங்க? என் ஆட்டு மேல களவுப் பழி போட்டிருக்கா! அதுக்கு ஒரு முடிவு தெரியாம அவ எங்கயும் போகக் கூடாது. என் கண்ணு முன்னாலயே கெடக்கணும்!"

"பெரியவரே, ஒங்க நல்லதுக்குத்தானே..."

"என் நல்லது எனக்குத் தெரியும். நீங்க சந்தா சேக்குற வேலையப் பாருங்க தலைவரே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தோமஸ் கையை விரித்துவிட்டு எழுந்து போனார். யாருக்காக வழக்கோ அவரே விடமாட்டேன் என்றால் அவர்தான் என்ன செய்வார்?

லயத்துக்குத் திரும்பும் பாதையில் தர்மிளா கிருஷ்ணகுமாரியை மடக்கினாள்.

"பிள்ளைங்களோட கீழ் லயத்துக்குப் போகப் பாத்தியே, அங்க ஏன் வாயத் தொறக்கல?"

"எப்படிச் சொல்ல மிஸ்ஸி? அவரும் கேட்டுக்கிட்டு நின்னாரே."

"கேட்டா என்ன?"

அவள் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டாள்.

"மூக்காயி அத்தை இருந்தப்ப விடிஞ்சா ஏச்சு, பொழுது சாஞ்சா ஏச்சு. மாமா எந்திரிக்கிறதே பதில் சொல்லத்தான். அத்தை போனதும் காம்பராவுல சத்தமே இல்ல. கஞ்சி வச்சுக் குடுத்தேன், தொடல. நல்ல வார்த்தை சொன்னேன், திரும்பிப் பாக்கல. ஒருநா வெறுத்துப் போயி நல்லா ஏசிட்டேன். மனுசன் எந்திரிச்சு ஒக்காந்துட்டாரு!"

"அப்ப அந்த ஆடு?"

"அது பாவம் மிஸ்ஸி, ராவெல்லாம் கயித்த விட்டு நகர்றதே இல்ல. தெனம் விடியுமுன்ன நாந்தான் என் கொடியப் பிச்சுப் போடுறேன்."