பொலிகிடாவின் தாய்

"கெட்டியாப் பிடி! அது என்ன தலையணையா?" என்றாள் மாமியார்.

மருமகள் பட்டிக்குள் குட்டியை முழங்கால்களுக்கு நடுவே அழுத்திப் பிடித்திருந்தாள். பட்டி வாசலின் படல் சாத்தியிருந்தது. வெளியே அவள் புருஷன் காயடிக்கிற இடுக்கியோடு நின்றான். மந்தையில் இனம் பெருக்கும் பொலிகிடாவாக ஒன்றே ஒன்றுதான் தேறும். மற்ற கிடாக்குட்டிகளுக்கெல்லாம் அந்த இடுக்கிதான்.

மாமியார் குட்டியின் பல்லைக்கூடப் பார்க்கவில்லை. அவள் பார்ப்பதெல்லாம் தாயை.

"பஞ்சத்துலயும் மடி வத்தாத ஆடு. அதோட ரத்தம் மந்தை முழுக்க ஓடணும். தாய்தான்டி எல்லாம்! உன் புருஷனையே பாரேன், அவங்கப்பன் வழியில யாருக்காவது இந்த ஒசரம் உண்டா? எல்லாம் என் பால் குடிச்ச உடம்பு."

"ஆரம்பிச்சிட்டியாம்மா!" என்று வெளியிலிருந்து சிரித்தான் அவன்.

உண்மை மருமகளுக்கு மட்டுமே தெரியும். அந்த ஆடு ஈன்ற குட்டி, இவள் கண்ணயர்ந்த நேரத்தில், மூக்குச் சவ்வைத் துடைத்துவிட ஆளில்லாமல் மூச்சுமுட்டிச் செத்துப்போயிருந்தது. பயந்துபோய் அதன் தோலை உரித்து, தாயில்லாத இந்த நோஞ்சான் குட்டிக்குப் போர்த்திவிட்டாள். ஆடும் மோந்து பார்த்துவிட்டு, தன்னுடையதென்றே நம்பிப் பால் கொடுத்தது.

சொன்னால் வீட்டில் இடமில்லை. சொல்லாவிட்டால் நோஞ்சான் ரத்தம் ஏறி, அடுத்த பஞ்சத்தில் மந்தையே படுத்துவிடும். பாவம், அந்தப் படலைத் தாண்டி அவள் எங்கேதான் போவாள்?

"இதுதான் பொலிகிடா!" மாமியார் குட்டியின் முதுகில் தட்டினாள்.

"அத்தை..." மருமகள் வெளியே கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள். "இது அந்த ஆட்டுக் குட்டி இல்ல. அது செத்துப்போச்சு. அதோட தோலைப் போர்த்தி, நான்தான் இதை ஊட்டவிட்டேன்."

மாமியாரின் கை அப்படியே நின்றுவிட்டது. அடி விழப்போகிறதென்று மருமகள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"கால் கோணல்டா இதுக்கு! வேற பார்க்கிறோம், இரு!" என்று மகனுக்குக் குரல் கொடுத்தாள் மாமியார். பிறகு மருமகளின் காதோரம் குனிந்தாள். மூச்சு சுட்டது.

"இந்தத் தோல் சமாசாரம் அவன் காதுக்குப் போகவே கூடாது. என் குழந்தை செத்த அன்னிக்கு, அதோட துணியைச் சுத்தித்தான் இவனை என் மடியில போட்டாங்க."