ஓடிய கால்

எத்தனையோ வருஷம் கெஞ்சியும் கிடைக்காத ஷூவை அம்மாவே வாங்கிவந்து மாட்டிவிட்டபோது மாரிச்செல்விக்குத் தலைகால் புரியவில்லை.

"நீயும் கபடி ஆடணும்ட்டி," என்றாள் அம்மா. பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு மைதானம் என்று நேற்றுவரை சீறியவள்.

அண்ணன் இசக்கித்துரை மாநில அணியில் ஆடுகிறான். எப்படி அடிபட்டு வந்தாலும் மறுநாள் அவன் தொடை புதுசாக இருக்கும். ரத்த சொந்தத்தின் சதையிலிருந்து எடுக்கிற பொடியைப் பாலில் கலக்கிக் குடித்தால் போதும். இதுவரை மூட்டை தூக்கி முறுக்கேறிய அப்பா கொடுத்தார். இப்போது கட்டிலோடு கிடக்கிறார். பேச்சும் போய்விட்டது, நாக்கும் சதைதானே. அடுத்து நான் கொடுக்கிறேன் என்று, நாளெல்லாம் உட்கார்ந்து பீடி சுற்றும் அம்மா சொல்லியிருந்தாள்.

மாரிச்செல்வி முட்டையும் கறியுமாகத் தின்றாள், விடியலில் ஓடினாள். ஷூவோடு அவளைப் பார்த்தாலே அப்பாவுக்குக் கண்ணீர் வழிந்தது. சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்துத் துடைத்துவிட்டாள்.

ஒருநாள் அண்ணனின் கபடி மாஸ்டர் வந்தார். தன்னை அணியில் சேர்க்கத்தான் என்று விறைப்பாக நின்றாள். அவர் சந்தையில் கிடாயைப் பார்ப்பதுபோல் அவள் தொடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

"நல்லா திரண்டிருக்கு. ஓடாத கால்ல எடுத்தா பொடி கேக்காதுன்னு சொன்னேம்லா."

"அதுக்குத்தான மாஸ்டர் ஓடவிட்டேன்," என்ற அம்மா, குனிந்து ஷூவின் நாடாவை அவிழ்த்தாள்.

"கழத்துட்டி. இனி இது என்னத்துக்கு."