நாலுக்கு ஒண்ணு

"என்னங்க சார் கிளாஸ் இது?"

நாலாம் வகுப்புக் கணக்குப் பாடம் முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடியதும், கடைசி பெஞ்சில் டேப்லெட்டோடு உட்கார்ந்து வகுப்பைக் கவனித்த ஆசிரியர் பயிற்றுநர் லோகப்பிரியா பொரிந்தாள். வாத்தியார் லட்சுமணசாமி சாக்பீஸ் கையைத் துடைத்தபடி நின்றார்.

"ஒரு குழந்தையைக்கூட நீங்க பேச விடலை. 'புரிஞ்சுதா'ன்னு கேட்டுட்டு, பதில் வர்றதுக்குள்ள அடுத்த கணக்குக்குப் போயிட்டீங்க. அப்புறம் கற்றல் விளைவு எப்படிங்க சார் வரும்?"

"சரிங்க மேடம்."

"கடைசி வரிசைப் பக்கம் திரும்பவே இல்லை. ரெண்டு தடவை வாட்ச் பார்த்தீங்க. அதாவது போகட்டும். ஒன்பது வயசுப் பிள்ளைககிட்ட 'செல்போனை சைலண்ட்ல போடுங்க'ன்னு எதுக்குங்க சொன்னீங்க?"

"சொல்லோணுமாட்ட இருக்குதுன்னு நெனச்சனுங்க."

"கிண்டலா? நாலுக்கு ஒண்ணுதான் மார்க் போடுவேன்." டேப்லெட்டில் போட்டு அனுப்பியும் விட்டாள்.

லட்சுமணசாமி பெருமூச்சு விட்டார். "இருவத்தெட்டு வருசமா என்ற பாட்டுக்குச் சொல்லிக் குடுத்துட்டு இருந்தனுங்க. இனி பயிற்சியில காட்டுன மாதிரி வகுப்பை அப்படியே நடத்தோணும்னு உத்தரவு போட்டுட்டாங்க."

"இப்படியொரு மாதிரி வகுப்பை எந்தப் புண்ணியவான் நடத்துனது?"

அவர் பயிற்சி நோட்டை விரித்துக் காட்டினார். "போன மாசம் நீங்கதானுங்க மேடம். செல்போன் முதற்கொண்டு எழுதி வெச்சிருக்கறனுங்க."

டேப்லெட் மணியடித்தது. திரையில் எழுத்து வந்தது: 'இந்த ஆசிரியருக்கு மறுபயிற்சி தேவை. பயிற்சி அளிப்பவர்: லோகப்பிரியா.'

எட்டிப் பார்த்த லட்சுமணசாமி நோட்டை மூடினார்.

"பயிற்சிக்கு வாரேனுங்க மேடம். நோட்டுல இன்னும் பக்கம் மிச்சம் இருக்குதுங்க."