தரையில்தான் வைப்பேன்

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியைக் கிளைவ் மறுபடியும் மேடைத் தரையில் இறக்கி வைத்திருந்தான். அடியில் ஹேஸல் போட்டிருந்த ஸ்பாஞ்சு மூலையில் கிடந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இங்கிலாந்தில், விட்பி கடற்கரையில் பெரில் நடத்தும் பப்பில், ஞாயிறு மதியம்தோறும் இவர்கள் மூவரின் கச்சேரி. ஹேஸல் பாட்டு, கிளைவ் கிட்டார், டகி டிரம்ஸ். முப்பது வருஷக் கூட்டு.

மேடை என்று பேர்தான். மேலே பலகை, உள்ளே வெற்றிடம். அதன்மேல் ஆம்ப்ளிஃபயரை நேராக வைத்தால் பலகை முழுக்கக் குமுறும். அதனால் நாற்காலி மேலோ ஸ்பாஞ்சு மேலோதான் வைப்பார்கள். கிட்டார் பிடித்த முதல் மாதமே எவனுக்கும் தெரிந்துவிடும். இந்த மகானுக்கு மட்டும் எத்தனை சொன்னாலும் ஏறாது.

போன வாரமே பெரில் கறாராகச் சொல்லிவிட்டாள். அலமாரியில் கண்ணாடி டம்ளரெல்லாம் ஆடுகிறதாம், சாப்பிட வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்களாம், இன்னொரு தடவை மேடை குமுறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாளாம். வாரம் முழுக்க மருந்துக்கடையில் நின்று கால் கடுக்கிற ஹேஸலுக்கு இந்த ஒரு மதியம்தான் உயிர். அது போய்விட்டால்?

அந்த ஆம்ப்ளிஃபயரை வாங்கின கதையே ஒரு கூத்து. போன வருஷம் லீட்ஸ் நகரத்தில் ஓர் இசைக்கருவிக் கடைக்கு அவளையும் இழுத்துக்கொண்டு போனான். கடைக்காரர் அந்தக் காலத்து வால்வு ஆம்ப்ளிஃபயர்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். ஒன்று தேனாக இழைந்தது. அதையே எடுடா என்று ஹேஸல் கெஞ்சினாள். கிளைவ் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, கடையின் மரத்தரையில் நின்றபடி ஒவ்வொன்றாக வாசித்துப் பார்த்தான். கடைசியில் எடுத்தது, இருக்கிறதிலேயே கனமான, முன்துணி கிழிந்த ஒன்றை. வேனில் ஏற்றுவதற்குள் இரண்டு பேருக்கும் இடுப்பு ஒடிந்துவிட்டது.

ஆனாலும் அதில் ஒரு மயக்கம் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். சுவிட்சைப் போட்டதும் எழுந்துவிடாது. உள்ளே வால்வுகள் மெல்ல மெல்லச் செம்மஞ்சளாகக் கனியும். சூடான தூசி வாசனை வரும். அப்புறம் தூக்கத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி ஒரு சத்தம் வரும். கோபமாக இருக்கிறபோதுகூட ஹேஸல் அதில் கொஞ்சம் கரைந்துதான் போவாள்.

இன்றைக்குக் கரைவதாக இல்லை. வெளியே கடல்பனி சன்னலை மூடிக்கொண்டு நின்றது. கிளைவ் டீ வாங்கப் போன சமயம் பார்த்து, பாரில் நின்ற ஒருவரைக் கைகொடுக்கச் சொல்லி, அந்தப் பெட்டியைத் தூக்கி நாற்காலியில் ஸ்பாஞ்சு போட்டு உட்கார வைத்தாள். அவன் திரும்பி வந்து பார்த்து வாயைத் திறப்பதற்குள் மைக்கில் முதல் பாட்டை அறிவித்துவிட்டாள்.

மெதுவான பாட்டு. தரை அதிரவில்லை, டம்ளர் ஆடவில்லை. பெரில்கூடத் தூரத்திலிருந்து தலையாட்டினாள். இத்தனை நாள் இது ஏன் முடியவில்லை என்று ஹேஸலுக்கு எரிச்சலாகவும் நிம்மதியாகவும் இருந்தது.

பாட்டின் நடுவே மூவரும் சட்டென்று நிறுத்துகிற ஓர் இடம் உண்டு. ஹேஸல் நிறுத்தினாள். கிளைவ் நிறுத்தினான்.

டிரம்ஸ் நிற்கவில்லை. டகி கண்ணை மூடிக்கொண்டு தன் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தான். யாரோ சிரித்தார்கள். அவன் கண்ணைத் திறந்து, இரண்டு பேரும் சும்மா நிற்பதைப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிற்று.

கிளைவ் மைக்குக்குப் பாய்ந்து வந்தான். "மன்னிக்கணும், தப்பு என்னுது. கம்பி அறுந்துபோச்சு. ஒரு நிமிஷம்."

சொல்லிவிட்டு நேரே போய் ஆம்ப்ளிஃபயரை நாற்காலியிலிருந்து இழுக்க ஆரம்பித்தான். ஹேஸல் பின்னாலேயே போனாள். அவன் தோளில் தொங்கிய கிட்டாரில் ஆறு கம்பியும் முழுசாக இருந்தன.

"என்னடா நடக்குது இங்க?" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் டகிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். "அவனுக்குக் காது போய் ரெண்டு வருஷமாகுது ஹேஸல். எதிர்ல நின்னு பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கறான். வாசிக்கறப்ப பலகை அதிர்ந்தாதான் நாம பாட்டுல எங்க இருக்கோம்னு அவனுக்குத் தெரியும்."

அவளும் குரலைத் தாழ்த்தினாள். "ஏன் எங்கிட்ட சொல்லலை?"

"அவன் எங்கிட்டயே சொல்லலையே. அவன் மறைக்கறதை நான் எப்படிப் போட்டு உடைக்கறது? அதோட, சொன்னா நீ அவன்மேல பரிதாபப்படுவ. அதுக்கு என்மேல கோபப்பட்டுக்கிட்டே இரு, பரவாயில்லை."

ஹேஸல் பெட்டியின் மறுமுனையைப் பிடித்தாள். இருவருமாகத் தரையில் இறக்கினார்கள்.

பாட்டை முதலிலிருந்து தொடங்கினார்கள். பலகை குமுறியது. டகி மறுபடி கண்ணை மூடிக்கொண்டான், அடி ஒவ்வொன்றும் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. நிறுத்துகிற இடம் வந்தது. மூவரும் நின்றார்கள். பப் முழுக்க மூச்சுவிடாத ஓர் அமைதி, பனிக்குள் மிதக்கிற மாதிரி இருந்தது. ஹேஸலுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பாட்டு முடிந்ததும் பெரில் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து மேடையோரம் நின்றாள். கிளைவை முறைத்தாள்.

"அதைத் திரும்பவும் கீழ இறக்கினது யாரு?"

கிளைவ் வாயைத் திறந்தான். ஹேஸல் முந்திக்கொண்டாள்.

"நான்தான், பெரில். தரை அதிர்ந்தாதான் எனக்குப் பாட வருது. பிடிக்கலைன்னா அடுத்த வாரம் வேற ஆளைப் பாத்துக்கோ."